நாட்டு டொமைனுக்கு ஏன் கூடுதல் விலை? எதை வாங்கலாம், எதை விடலாம்

டொமைன் என்ற இணைய முகவரிப் பெயரை விற்கும் எந்த ரிஜிஸ்ட்ராரின் தேடுபெட்டியில் ஒரு பெயரைத் தட்டினாலும் இந்த வித்தியாசம் கண்ணில் படும். டாட் காம் என்றால் ஆண்டுக்குப் பத்து முதல் பதினைந்து டாலர். அதே பெயர் ஏதாவது ஒரு நாட்டின் இரண்டெழுத்து முடிவோடு வந்தால் முப்பது, ஐம்பது என்று ஏறும். டாட் ஏஐ எழுபதைத் தாண்டும், அதிலும் முதல் பதிவை இரண்டு ஆண்டுக்குச் சேர்த்தே செய்ய வேண்டும். நமக்குக் கிடைப்பது எல்லாவற்றிலும் ஒன்றுதான்: ஒரு தரவுத்தளத்தில் ஒரு பதிவு, இந்தப் பெயருக்கு இந்த சர்வர் பொறுப்பு என்று உலகத்துக்குச் சொல்லும் ஒரு குறிப்பு. அப்படியிருக்க விலை ஏன் இப்படித் தாவுகிறது? அந்தக் கூடுதல் பணத்துக்கு ஏதாவது பலன் உண்டா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருக்கும் நாட்டின் டொமைனை, அந்த நாட்டு மக்களுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் கூடுதல் விலை கொடுக்கலாம், பெரும்பாலும் அது நல்ல செலவு. உங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நாட்டின் முடிவை, எழுத்து அழகாக அமைகிறது என்பதற்காக வாங்குவதென்றால் விலையை விடப் பெரிய விஷயங்களை யோசிக்க வேண்டும். இதற்கான காரணம் அந்த விலை எங்கே உருவாகிறது என்பதில் இருக்கிறது.

விலையை வைப்பது யார்

டொமைன் விற்பனையில் இரண்டு படிகள். டாட் காம் போன்ற ஒரு முடிவை நடத்தும் பொறுப்பு ரிஜிஸ்ட்ரியுடையது. அதனிடம் மொத்த விலைக்கு வாங்கி நமக்கு விற்பவர் ரிஜிஸ்ட்ரார். டாட் காமின் ரிஜிஸ்ட்ரி வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். அது நினைத்த விலையை வைக்க முடியாது. உலகின் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்போடும் அமெரிக்க வர்த்தகத் துறையோடும் அது செய்திருக்கும் ஒப்பந்தங்கள் மொத்த விலைக்கு உச்சவரம்பு போடுகின்றன. 2012 முதல் 2021 வரை அந்த விலை 7.85 டாலரிலேயே நின்றது. இப்போதைய விதிப்படி ஒவ்வோர் ஆறாண்டுக் காலத்திலும் கடைசி நான்கு ஆண்டுகளில், ஆண்டுக்கு அதிகபட்சம் 7 சதவீதம் ஏற்றலாம். 2021 முதல் நான்கு முறை தொடர்ந்து ஏற்றி, 2024 செப்டம்பரில் அது 10.26 டாலருக்கு வந்தது. இதற்கு மேல் ஐகானுக்குப் போகும் கட்டணம் சில சென்ட்கள்தான். ஆக, டாட் காம் மலிவாக இருப்பதற்கு வெரிசைனின் பெருந்தன்மை காரணமில்லை. ஒரு கை மேலிருந்து அழுத்திப் பிடித்திருக்கிறது.

நாட்டு டொமைன்களுக்கு அந்தக் கை கிடையாது. 1994-இல் இணைய முன்னோடி ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 1591 என்ற ஆவணம்தான் இவற்றுக்கு அடித்தளம். எது நாடு, எது நாடு இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் வேலையில் இறங்காமல், நாடுகளுக்குக் குறியீடு தரும் ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசப் பட்டியலில் இருக்கும் இரண்டெழுத்துக் குறியீடுகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குறியீட்டையும் நடத்துபவர் அந்த நாட்டு இணையச் சமூகத்தின் அறங்காவலர் என்றது அந்த ஆவணம். எவ்வளவு வசூலிக்கலாம், யாருக்கு விற்கலாம் என்பதெல்லாம் அந்தந்த நாட்டின் உள்விவகாரம் ஆகிவிட்டது. இன்று சில நாடுகளில் அரசுத் துறை நடத்துகிறது, சில நாடுகளில் பல்கலைக்கழகம், சிலவற்றில் லாபநோக்கற்ற அமைப்பு, இன்னும் சிலவற்றில் குத்தகைக்கு எடுத்த தனியார் நிறுவனம். ஐகான் அவர்களிடம் விலையைக் குறை என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் தீர்த்துவிட வேண்டும். நாட்டு டொமைன் என்றாலே விலை அதிகம் என்பது உண்மையில்லை. ஜெர்மனியின் டாட் டிஇ, நெதர்லாந்தின் டாட் என்எல், பிரிட்டனின் டாட் யுகே மூன்றும் பல இடங்களில் டாட் காமை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. டாட் டிஇ-யை நடத்துவது டெனிக் என்ற கூட்டுறவு அமைப்பு. ரிஜிஸ்ட்ரார்களே அதன் உறுப்பினர்கள். அதில் சுமார் 1.7 கோடி பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. கட்டணத்தை ஏற்றினால் உறுப்பினர்கள் தங்கள் பையிலிருந்தே கொடுக்க வேண்டிவரும், அதனால் விலை அடங்கி இருக்கிறது.

எண்ணிக்கை சொல்லும் கணக்கு

டாட் டிஇ-யின் எண்ணிக்கையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு ரிஜிஸ்ட்ரியின் செலவில் பெரும்பகுதி நிலையானது. ஒரு பெயருக்கு எந்த சர்வர் என்று பதில் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள் உலகின் பல மூலைகளில், அந்தப் பதில் போலி இல்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்கள், இரவு பகலாகக் கண்காணிக்கும் ஆட்கள், எல்லாம் விழுந்தாலும் எழுந்து நிற்க இன்னோர் இடத்தில் மாற்று ஏற்பாடு. பத்தாயிரம் பெயர் இருந்தாலும் ஒரு கோடி பெயர் இருந்தாலும் இதெல்லாம் வேண்டும். டாட் காமில் 15 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. சில ஆயிரம் பெயர்களே உள்ள சிறிய நாட்டில் ஒவ்வொரு தலையிலும் விழும் பங்கு பெரிதாகத்தான் இருக்கும்.

ரிஜிஸ்ட்ரார் பக்கத்திலும் இதே கதை. டாட் காமுக்கும், எந்த நாட்டையும் சேராத புதிய பொது முடிவுகளுக்கும், ரிஜிஸ்ட்ராரின் கணினி ரிஜிஸ்ட்ரியோடு பேச இபிபி என்ற பொதுவான நெறிமுறை இருக்கிறது. ஒருமுறை மென்பொருளை எழுதிவிட்டால் நூற்றுக்கணக்கான முடிவுகளை ஏறக்குறைய அதே வழியில் விற்கலாம். நாட்டு ரிஜிஸ்ட்ரிகளில் சில இபிபியைத் தங்கள் வசதிக்கேற்ப மாற்றி வைத்திருக்கின்றன. சிலவற்றில் அதுவே இல்லை, இணையப் படிவத்தையோ மின்னஞ்சலையோ நம்பி ஒரு மனிதர் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அங்கீகாரக் கட்டணம் தனி. முன்பணத்தை அந்த நாட்டு நாணயத்தில் கட்டிவைக்க வேண்டியிருக்கலாம், அப்போது நாணய மாற்று நஷ்டமும் விலையில் ஏறும். ஆண்டுக்கு ஐம்பது பெயர் விற்கும் ஒரு முடிவுக்காக இவ்வளவும் செய்ய எந்த ரிஜிஸ்ட்ராருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பலர் இடையில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்கிறார்கள். அங்கே இன்னொரு லாபம் சேர்கிறது. ஒரே நாட்டு டொமைனை இரண்டு ரிஜிஸ்ட்ரார்களிடம் விசாரித்தால் ஒருவர் சொல்லும் விலை மற்றவரைப் போல இரண்டு மடங்கு இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அந்த நாட்டிலேயே இருக்கும் ரிஜிஸ்ட்ராரிடம் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள், நல்ல வித்தியாசம் தெரியும்.

அப்புறம் தகுதி விதிகள். ஆஸ்திரேலியாவின் டாட் ஏயு, கனடாவின் டாட் சிஏ, ஜப்பானின் டாட் ஜேபி, நார்வேயின் டாட் என்ஓ எல்லாமே அந்த நாட்டோடு ஏதாவது ஒரு தொடர்பைக் கேட்கின்றன: குடியுரிமை, உள்ளூர் முகவரி, நிறுவனப் பதிவு எண் என்று நாட்டுக்கு நாடு மாறும். சான்றுகளைச் சரிபார்க்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்காக ரிஜிஸ்ட்ரார்கள் உள்ளூர்ப் பிரதிநிதிச் சேவை ஒன்றை விற்கிறார்கள். டொமைன் ஒரு விலை, அதற்குப் பெயர் கொடுப்பவருக்கு ஆண்டுதோறும் இன்னொரு விலை. சில நேரங்களில் இரண்டாவது முதலாவதை மிஞ்சும். அதோடு, பல நேரங்களில் காகிதத்தில் அந்தப் பெயர் பிரதிநிதியின் பேரில்தான் இருக்கும். உங்கள் தொழிலின் முகவரி இன்னொருவர் பேரில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் தகுதி விதி ஒரு நல்ல காரியமும் செய்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்க முடியாத முடிவில் மோசடித் தளங்கள் குறையும், வாசகருக்கு நம்பிக்கை கூடும். இதற்கு நேர் எதிரான பாடம் டாட் டிகே. டோக்கெலாவ் தீவுகளின் இந்த முடிவையும், இன்னும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் முடிவுகளையும் ஃப்ரீனோம் என்ற நிறுவனம் இலவசமாகக் கொடுத்து வந்தது. இலவசம் என்றதும், போலித் தளம் காட்டிக் கடவுச்சொல் திருடும் ஃபிஷிங் கும்பல்கள் மொய்த்தன. மெட்டா நிறுவனம் வழக்குப் போட்டது, 2024 பிப்ரவரியில் ஃப்ரீனோம் டொமைன் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2023-இல் காபோன் நாடு தன் டாட் ஜிஏ-வைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது பல லட்சம் பெயர்கள் ஒரேயடியாக அழிந்தன. அவற்றில் நேர்மையாக நடந்த சின்னச் சின்னத் தளங்களும் இருந்திருக்கும், அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மலிவான நாட்டு டொமைனுக்கும் ஒரு விலை உண்டு, அது பிறகு வரும்.

அழகான எழுத்துகளின் விலை

டாட் ஏஐ, டாட் ஐஓ, டாட் டிவி, டாட் எம்ஈ, டாட் சிஓ போன்றவற்றுக்கு மேலே சொன்ன செலவுக் கணக்கு பொருந்தாது. இங்கே விலையை நிர்ணயிப்பது ஆசை. செயற்கை நுண்ணறிவு நிறுவனம் தொடங்குபவர்கள் டாட் ஏஐ-தான் வேண்டும் என்று வரிசையில் நிற்கிறார்கள். அது கரீபியன் கடலில் சுமார் 15,000 பேர் வாழும் அங்குவில்லா தீவின் முடிவு. 2023-இல் இதன் மூலம் அந்தத் தீவுக்கு வந்த வருமானம் சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலர், அரசின் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பசிபிக் பெருங்கடலில் இருக்கும் துவாலு, தன் டாட் டிவி முடிவுக்கான ஒப்பந்தத்தில் வந்த பணத்தின் துணையோடுதான் 2000-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராகச் சேர்ந்தது.

இதைக் கொள்ளை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. வேறு பெரிய வளம் எதுவும் இல்லாத சின்னத் தீவுக்குத் தற்செயலாக வாய்த்த இரண்டு எழுத்துகள் அவை. அந்தப் பணம் அந்த மக்களுக்குப் போகிறது என்றால் எழுபது டாலர் நியாயமான விலைதான். டாட் ஐஓ-வின் கதை அப்படி இல்லை. அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் குறியீடு. ராணுவத் தளத்துக்காக 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட சாகோசிய மக்கள், இந்த வருமானத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். டாட் ஐஓ வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டாவது வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விலையை விடப் பெரிய கவலை

நாட்டு டொமைன் என்பது வாடகை வீடு மாதிரி, வீட்டுக்காரர் ஒரு அரசு. வாடகை எவ்வளவு என்பதோடு வீட்டுக்காரர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட் வந்தபோது நடந்தது இதுதான். 2021 ஜனவரி 1 முதல், ஒன்றியத்தின் குடியுரிமை இல்லாமல் பிரிட்டனில் இருந்தவர்கள் அந்த ஒன்றியத்தின் டாட் ஈயு வைத்திருக்கும் தகுதியை இழந்தார்கள். முதலில் பெயர்கள் முடக்கப்பட்டன, 2022-இல் முழுதாகப் பறிக்கப்பட்டுப் பொதுவில் விடப்பட்டன. கட்டணத்தை ஒழுங்காகக் கட்டியவர்கள்தான் எல்லோரும். லிபியாவின் டாட் எல்ஒய் ரிஜிஸ்ட்ரி, தங்கள் நாட்டுச் சட்டத்துக்கும் மதநெறிக்கும் பொருந்தாது என்று 2010-இல் ஒரு சுருக்க முகவரிச் சேவையின் பெயரை எடுத்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப் முடிவில் இயங்கிய, மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தின் ஒரு சர்வரின் பெயரைத் தாலிபான் அரசு நிறுத்தியது. அந்த இரண்டு பெயர்களையும் வாங்கியவர்கள் எழுத்தின் அழகைப் பார்த்து வாங்கினார்கள், அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது.

நாடே மறைந்துபோவதும் உண்டு. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யு 2010 மார்ச் 30-இல் நீக்கப்பட்டது. சோவியத் யூனியனின் டாட் எஸ்யு இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்த விதிவிலக்கை நம்பி யாரும் தொழில் தொடங்கக் கூடாது. பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசமான சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. அது நடைமுறைக்கு வந்து, ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து அந்தக் குறியீடும் நீங்கினால், டாட் ஐஓ-வை ஓய்வுபெறச் செய்யும் நடைமுறை தொடங்கலாம். ஐகானின் கொள்கைப்படி அதற்கு இயல்பான கெடு ஐந்து ஆண்டு. நாளைக்கே மறையப்போவதில்லை, சரி. ஆனால் புதிதாக ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும் வசதி உங்களிடம் இருக்கும்போது அந்தச் சந்தேகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பொது முடிவுகளில் இந்த மாதிரி ஆபத்து குறைவு. ஐகான் ஒப்பந்தம் இருப்பதால் சில பாதுகாப்புகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் கிடைக்கும். காலாவதியாகி நீக்கப்பட்ட பெயரை 30 நாளுக்குள் மீட்கலாம் (மீட்புக் கட்டணம் கூடுதல்தான்). ரகசியக் குறியீட்டை வாங்கி வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாறலாம். பெயர்த் தகராறு வந்தால் 1999 முதல் இருக்கும் யுடிஆர்பி நடைமுறை உண்டு. நாட்டு டொமைன்களில் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சிலவற்றில் மீட்புக் காலமே கிடையாது, கெடு முடிந்தால் முடிந்ததுதான்.

புதிய பொது முடிவுகள் மலிவா?

டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் எக்ஸ்ஒய்இசட் போன்றவை ஐகானின் 2012 விண்ணப்பச் சுற்றில் வந்தவை. முதல் ஆண்டு ஒரு டாலர், இரண்டு டாலர் என்று விளம்பரம் வரும். இரண்டாம் ஆண்டு விலை அதைப் போலப் பத்து, பதினைந்து மடங்கு இருக்கலாம். இவற்றுக்கு விலை வரம்பு இல்லை. புதுப்பிக்கும் கட்டணத்தை ஏற்றுவதற்கு ஆறு மாதம் முன்னால் ரிஜிஸ்ட்ரி ரிஜிஸ்ட்ரார்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. பெரிய ஏற்றம் வரும் என்று தெரிந்தால் அதற்குள் பத்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம். 2019-இல், தொண்டு அமைப்புகள் அதிகம் பயன்படுத்தும் டாட் ஆர்க்கின் விலை வரம்பையும் ஐகான் நீக்கியது. அடுத்து அதன் ரிஜிஸ்ட்ரியையே ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தார்கள், பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 ஏப்ரலில் ஐகான் அதைத் தடுத்தது. டாட் ஆர்க் இன்றும் லாபநோக்கற்ற அமைப்பின் கையில்தான், விலையும் டாட் காமுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பத்து ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் படம் தெளிவாகும். ஆண்டுக்கு 12 டாலர் டாட் காம் என்றால் 120. ஆண்டுக்கு 40 டாலர் நாட்டு டொமைன் என்றால் 400. முதல் ஆண்டு 2 டாலர், பிறகு ஆண்டுக்கு 35 என்று விற்கும் புதிய முடிவு 317. ஆண்டுக்கு 80 டாலர் டாட் ஏஐ என்றால் 800. இவை மாதிரிக்குப் போட்ட கணக்கு, உங்கள் ரிஜிஸ்ட்ரார் காட்டும் விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டில் மலிவானதாகத் தெரிந்த புதிய முடிவு பத்து ஆண்டில் நாட்டு டொமைனை நெருங்கிவிடுகிறது. உண்மையான நாட்டு டொமைனுக்கும் டாட் காமுக்கும் உள்ள 280 டாலர் வித்தியாசம், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலுக்குப் பத்து ஆண்டில் பெரிய சுமை இல்லை.

எனக்கு எது?

ஒரு நாட்டுக்குள் மட்டும் சேவை செய்யும் மருத்துவமனை, வக்கீல் அலுவலகம், கடை, பள்ளி ஆகியவற்றுக்கு அந்த நாட்டு டொமைனைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். பார்ப்பவருக்கு உடனே புரியும், தகுதி விதி இருந்தால் நம்பிக்கையும் சேரும். தேடலிலும் கூகுள் நாட்டு முடிவை, இந்தத் தளம் அந்த நாட்டுக்கானது என்பதன் வலுவான அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. அதே பெயர் டாட் காமில் சாதாரண விலைக்குக் கிடைத்தால் அதையும் வாங்கி இதற்குத் திருப்பிவிடுங்கள், வேறொருவர் வாங்கிக் குழப்புவதைத் தடுக்கலாம்.

எழுத்தாளர், மென்பொருள் செய்பவர், பல நாடுகளில் வாசகர் உள்ள எவரும் டாட் காம், தொண்டு அமைப்பு என்றால் டாட் ஆர்க். நாட்டு டொமைனின் அதே வலுவான அடையாளம் இங்கே பாதகமாகிவிடும், மற்ற நாட்டுத் தேடல்களில் உங்களைப் பின்னுக்குத் தள்ளலாம். டாட் ஐஓ, டாட் ஏஐ, டாட் சிஓ போன்ற சிலவற்றைக் கூகுள் பொது முடிவாகவே நடத்துகிறது என்பதால் அந்தப் பாதகம் அவற்றுக்கு இல்லை, சட்ட ஆபத்து மட்டும் மீதி இருக்கிறது.

பல நாடுகளில் கிளை உள்ளவர்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு டொமைன் வாங்குவதா, ஒரே டொமைனில் நாட்டுக்கு ஓர் உட்பிரிவு வைப்பதா என்று கேட்பார்கள். சிறிய நிறுவனம் என்றால் ஒரே டொமைன் போதும். பத்து நாட்டு டொமைன் என்றால் பத்துக் கெடு, பத்து விதி, பத்துத் தளத்தையும் தனித்தனியாக வளர்க்கும் உழைப்பு. கூகுளே 2025 ஏப்ரலில் தன் நாட்டுத் தேடல் முகவரிகளை எல்லாம் டாட் காமுக்குத் திருப்பப் போவதாக அறிவித்தது.

புதிதாகத் தொடங்கும் நிறுவனம் டாட் ஏஐ-தான் வேண்டும் என்று நின்றால் தடுக்க மாட்டேன், துறைக்குள் அந்த எழுத்துகளுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் மின்னஞ்சலையும் வங்கி, சர்வர் கணக்குகளின் உள்நுழைவையும் வேறொரு பொது முடிவில் வைத்துக்கொள்ளுங்கள். டொமைன் ஒருநாள் கைவிட்டுப் போனால் தளத்தை வேறு பெயரில் ஏற்றிவிடலாம். கடவுச்சொல் மாற்றும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருந்தால், அதை அடுத்து வாங்குபவர் கையில் உங்கள் கணக்குகளும் போய்விடும்.

பணம் கட்டுமுன் ரிஜிஸ்ட்ராரிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இரண்டாம் ஆண்டு விலை என்ன, கெடு தவறினால் மீட்க எத்தனை நாள், அதற்கு எவ்வளவு, வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாறக் கட்டணம் உண்டா. நாட்டு டொமைன் என்றால் ஐந்தாவதாக இன்னொன்று: நீங்கள் அந்த நாட்டை விட்டு இடம்பெயர்ந்தால் பெயர் உங்களிடம் இருக்குமா என்று. பதில் இழுத்தடித்து வந்தால் வேறு ரிஜிஸ்ட்ராரைப் பாருங்கள்.